வைரல் வீடியோ காட்டியும் வகுப்பு பேசவில்லையா?
ஆங்கில வகுப்பில், குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த உகாண்டா கிளர்ச்சித் தலைவர் ஜோசப் கோனியைப் பிடிக்கக் கோரும் 'கோனி 2012' வீடியோவைக் காட்டினால், பிள்ளைகள் 'பாவம்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 30 நிமிடமும் ஓட்டாதீர்கள், ஐந்து நிமிடம் போதும். அதில் யார் பேசுகிறார், யாருக்குப் பேச இடமே இல்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு தகவல் கொடுங்கள்: 2012 மார்ச்சில் அது ஆறே நாளில் 10 கோடி பார்வைகளை எட்டியபோது, கோனியின் படை உகாண்டாவை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இது தெரிந்ததும் கேள்விகள் கொட்டும். 'மஸ்ட்', 'ஷுட்' வித்தியாசமும் அங்கேதான் பிடிபடும். 'வி மஸ்ட் ஷேர்' என்று எழுதிய பிள்ளையே அதை அடித்துவிட்டு 'வி ஷுட் செக் ஃபர்ஸ்ட்' என்று மாற்றும். சரி, அடுத்த வகுப்பில் அவர்களை உறுத்தும் ஒரு பிரச்சினை பற்றி உரிய அதிகாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதட்டும். அதை நிஜமாகவே அனுப்பிவிடுங்கள்.