வழக்கறிஞருக்கு டிரஸ்ட் கம்பெனியில் என்ன வேலை?

கேள்வி: நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்த ஆட்டோ பேனார்ட், பிற்காலத்தில் ஒரு டிரஸ்ட் கம்பெனியின் தலைவரானார் என்று படித்தேன். வாதாடப் பழகியவருக்கு அங்கே என்ன வேலை? அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பதில்: டிரஸ்ட் என்றதும் நமக்கு அறக்கட்டளைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் டிரஸ்ட் கம்பெனி தருமம் செய்யும் அமைப்பு அன்று; பிறருடைய சொத்தைப் பராமரித்து, அதற்குக் கட்டணம் பெறும் நிறுவனம். இறந்தவரின் உயிலை நிறைவேற்றுவதும், மைனர் வாரிசுகளின் பங்கை அவர்கள் வயதுக்கு வரும்வரை காப்பதும் அதன் ஆதாரப் பணிகள். உறவினரையோ குடும்ப வழக்கறிஞரையோ அறங்காவலராக நியமித்தால், அவரே முந்தி இறந்துவிடக்கூடும். கம்பெனிக்கு அந்தக் கவலை இல்லை. நியூயார்க்கில் 1822லேயே ஒரு காப்பீட்டு, கடன் நிறுவனத்துக்கு இந்த அதிகாரம் வழங்கப்பட்டது.

இந்தப் பணியின் நுட்பமெல்லாம் சட்டத்தில்தான் இருக்கிறது. அறங்காவலர் செய்த முதலீட்டில் நஷ்டம் வந்தால் அதற்கு அவர் பொறுப்பா என்ற வழக்கில், மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1830இல் ஒரு தீர்ப்பு அளித்தது: விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தக் காரியங்களைக் கவனிப்பதுபோல் அவர் நடந்துகொண்டாரா என்று பார்க்க வேண்டுமே தவிர, நஷ்டத்தை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லக் கூடாது. வழக்கறிஞர் ஒரு கட்சிக்காரருக்காகப் பேசுகிறார். அறங்காவலரோ, இன்று வட்டி வாங்கும் விதவைக்கும் நாளை அசலைப் பெறப்போகும் பேரனுக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல வேண்டியவர். என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் கடினம்.

பேனார்ட் 1854இல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கொலம்பியாவில் சட்டம் பயின்றார். சில காலம் வழக்கறிஞராக இருந்தபின் காண்டினென்டல் டிரஸ்ட் கம்பெனியின் தலைவரானார்; அது இன்னொரு நிறுவனத்துடன் இணைந்து நியூயார்க் டிரஸ்ட் கம்பெனி ஆனபோதும் தலைமை அவரிடமே இருந்தது.

அப்போது இத்தொழில் உயிலோடும் வாரிசோடும் நிற்கவில்லை. டிரஸ்ட் கம்பெனிகள் வங்கிகளைப் போலவே வைப்புத்தொகை வாங்கின. ஆனால் வங்கிகளைவிடக் குறைந்த ரொக்கத்தையே கையிருப்பில் வைத்திருந்தன. இதன் விலை 1907 அக்டோபரில் தெரிந்தது. நிக்கர்பாக்கர் டிரஸ்ட் கம்பெனியின் வாசலில் பணம் கேட்டு மக்கள் கூடினர். சில மணி நேரத்தில் ஏறத்தாழ 80 லட்சம் டாலர் வெளியேறியது, கதவு மூடப்பட்டது. பேனார்டின் நிறுவனம் அந்தப் பீதியைக் கடந்து, 1959இல் கெமிக்கல் வங்கியுடன் இணையும்வரை நீடித்தது.

1909இல் அவர் நியூயார்க் மேயர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்றார். பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டும் களத்தில் இருந்ததால் எதிர்ப்பு வாக்குகள் பிரிந்தன. நீதிபதியாக இருந்த வில்லியம் கேனர் வென்றார். வேடிக்கை என்னவென்றால், பேனார்டுடன் அதே அணியில் நின்றவர்களில் பலர் நகராட்சியின் மற்ற முக்கியப் பதவிகளைப் பிடித்துவிட்டார்கள். அவர் மட்டும் கம்பெனிக்கே திரும்பினார்.