தைராய்டு ஆன்டிபாடி இருந்தால் கரு தங்காதா?

தைராய்டு, கருச்சிதைவு, குழந்தையின்மை என்று வந்த கேள்விகளை இந்த வாரம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஜெலுத்தோங் வாசகி: இரண்டு முறை எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. டி.பி.ஓ. ஆன்டிபாடி அதிகம், டி.எஸ்.எச். 1.9 என்றார்கள். ஆனால் மாத்திரை தரவில்லை. வேறு டாக்டரைப் பார் என்கிறார் அத்தை.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன்; சுரப்பி திணறினால் அது ஏறும். 1.9 என்றால் உங்கள் சுரப்பி இப்போது சரியாகவே வேலை செய்கிறது. நோய்களோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, சொந்தச் சுரப்பியின் மீதே பாயத் தொடங்கியதற்கான அடையாளம்தான் ஆன்டிபாடி. அது உள்ள பெண்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக நடக்கிறது என்று 1990 முதல் ஆய்வுகள் சொல்லி வருகின்றன. சரி, அப்படியானால் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் கரு தங்குமா? பிரிட்டனில் உங்களைப் போலவே ஆன்டிபாடி இருந்தும் தைராய்டு அளவு சரியாக இருந்த 952 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2019-இல் வந்த முடிவு: குழந்தை பெற்றவர்கள் மருந்து எடுத்தவர்களில் 37.4 சதவீதம், எடுக்காதவர்களில் 37.9 சதவீதம். உங்கள் டாக்டர் அலட்சியமாக இருக்கவில்லை.

அதற்காகக் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. கர்ப்பத்தில் தேவை ஏறும்போது இப்படிப்பட்ட சுரப்பி திணறக்கூடும். அடுத்த முறை கர்ப்பம் உறுதியானதும் டி.எஸ்.எச். பாருங்கள், அப்புறம் ஐந்தாம் மாதம் வரை 4 வாரத்துக்கு ஒருமுறை. ஏறினால் அப்போது மாத்திரை. இதற்கிடையில் கர்ப்பப்பை ஸ்கேன், ஆன்டிபாஸ்போலிப்பிட் (ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு வகை ஆன்டிபாடி) ரத்தப் பரிசோதனை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். எல்லாப் பழியையும் தைராய்டின் தலையில் போட்டால் வேறு காரணம் தப்பிவிடும். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். நீங்கள் மாடிப்படி ஏறியது காரணம் இல்லை. இதை அத்தைக்கும் படித்துக் காட்டலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: ஹஷிமோட்டோவுக்கு (ஆன்டிபாடி தாக்கித் தைராய்டு சுரப்பு குறையும் நோய்) தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின் எடுக்கிறேன். நேற்று யூரின் டெஸ்ட் பாசிட்டிவ். கிளினிக் தேதி மூன்று வாரம் கழித்து. காத்திருக்கலாமா?

வேண்டாம். முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தத் தைராக்சின் கிடையாது, உங்களுடையதைத்தான் எடுத்துக்கொள்கிறது. இன்றே கிளினிக்குக்கு போன் செய்து, தைராய்டு மாத்திரை எடுக்கும் கர்ப்பிணி என்று சொல்லி ரத்தப் பரிசோதனையை முன்னால் இழுங்கள். ஏழு நாளைக்கு ஏழு மாத்திரை என்பதை ஒன்பதாக்குவது பொதுவான வழக்கம். அதாவது, வாரத்தில் இரண்டு நாள் இரட்டை மாத்திரை. போனிலேயே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருப்பதுதான் இலக்கு.

இன்னொன்று. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, பசியாற அரை மணியாவது விடுங்கள். தே தாரிக்கோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தைராக்சின் அளவு ஏன் ஏறவில்லை என்று மண்டையைக் குடையும்போது, பல சமயம் காரணம் இவ்வளவுதான்.

செந்தூல் வாசகர்: மனைவியின் ஆன்டிபாடி 600-இலிருந்து 450-க்கு வந்துவிட்டது. ஆன்லைனில் வாங்கிய செலினியம்தான் காரணமா?

அந்த எண் தானாகவே ஏறி இறங்கும். அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது காசுக்குத்தான் கேடு. பார்க்க வேண்டியது டி.எஸ்.எச். கருவைக் காக்க செலினியம் பரிந்துரைக்கப்படுவதும் இல்லை.

பட்டர்வொர்த் வாசகி: நான்கு வருடமாகக் குழந்தை இல்லை. எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது; ஆன்டிபாடி மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் கணவருக்கு? கடிதம் முழுக்கத் தேடினேன், விந்துப் பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. நம் வீடுகளில் மருமகளின் ரத்தத்தை நாலு தடவை எடுத்த பிறகுதான் மகனின் முறை வருகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) ஏறி, முட்டை வெளிவருவது தடைபடலாம். மாதவிலக்கு ஒழுங்காக இருந்து டி.எஸ்.எச்.-உம் சரி என்றால், ஆன்டிபாடியை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து குழந்தையின்மைப் பிரிவுக்குப் போங்கள். 35 வயது தாண்டியிருந்தால் இன்னும் ஒரு மாதம் கூடத் தள்ள வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் வாசகி: ஆன்டிபாடி இருந்தும் நல்லபடி பிரசவம் ஆனது. இப்போது மூன்றாவது மாதம். படபடப்பு, எரிச்சல், எடை இறங்குகிறது. பத்தியம் சரியில்லை என்கிறார் மாமியார்.

பத்தியத்தை விடுங்கள். ஆன்டிபாடி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ பிரசவத்துக்குப் பின் தைராய்டு வீக்கம் வருகிறது. முதலில், சேர்த்து வைத்த ஹார்மோன் கசிந்து படபடப்பு வரும். சில மாதம் கழித்து அதுவே குறைந்து அசதியாகும். கசிவுக்குச் சுரப்பை அடக்கும் கார்பிமசோல் உதவாது; படபடப்பு தாங்கவில்லை என்றால் தாய்ப்பாலுக்கு ஏற்ற வேறு மருந்து உண்டு. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயும் இதே மாதிரிதான் தெரியும் என்பதால் டி.எஸ்.எச்., எஃப்.டி.4 (ரத்தத்தில் உள்ள தைராக்சின் அளவு) இரண்டையும் இந்த வாரமே பார்த்து, எது என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.