115 வாட்டா, 170 வாட்டா? கிராபிக்ஸ் கார்டு கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) கிராபிக்ஸ் கார்டு ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. கொஞ்சம் கூடப் போட்டால் புது 4060 வாங்கலாம். என்னிடம் இருப்பது பி450 மதர்போர்டு, 1080பி மானிட்டர். வேகத்தில் எவ்வளவு வித்தியாசம்? கரண்ட் பில்லில் தெரியுமா?

வேகத்தில் 4060தான் முன்னே. 1080பி-யில் பெரும்பாலான கேம்களில் 15 முதல் 20 சதவீதம் வரை கூடுதல். கோர் எண்ணிக்கையைப் பார்த்தால் இது விசித்திரமாகத் தோன்றும்: 3060-இல் 3584, 4060-இல் 3072 மட்டுமே. ஆனால் பூஸ்ட் வேகம் (லோடில் சிப் எட்டும் வேகம்) முன்னதில் 1777 மெகாஹெர்ட்ஸ், பின்னதில் 2460. பெருக்கிப் பாருங்கள், 4060 சுமார் 19 சதவீதம் மேலே நிற்கும். 3060-இன் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் வந்தது. 4060 டிஎஸ்எம்சி-யின் நுணுக்கமான முறையில் வந்ததால்தான் அந்த வேகத்தை 115 வாட்டுக்குள் எட்டுகிறது. 3060-க்கு உச்சவரம்பு 170 வாட். ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வேலையைக் கணக்கிட்டால் 4060 ஏறத்தாழ 1.7 மடங்கு.

இனி பில். கார்டு அளவில் வித்தியாசம் 55 வாட். பவர் சப்ளையின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் சுவர் பிளக்கில் அது 65 வாட் ஆகும். தினம் 4 மணி நேரம், 60 நாள்: 15.6 யூனிட். ஒன்றரை கிலோவாட் இழுக்கும் ஏசி பத்து மணி நேரம் ஓடுவதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ்நாட்டில் உங்கள் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறதென்றால் மட்டும் கவலைப்படுங்கள்; அதைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் கட்டணமே மாறிவிடும். மற்றபடி, இரண்டு கார்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மின்கட்டணத்தில் மீட்க ஆண்டுகள் ஆகும்.

உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பி450. கார்டைச் செருகும் ஸ்லாட்டுக்கு அந்த போர்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வரைதான் தரும். 4060 எட்டு லேன்களை (தரவு செல்லும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, 3.0-இல் அதற்குக் கிடைப்பது நொடிக்குச் சுமார் 8 ஜிபி. 3060-க்கு 16 லேன், சுமார் 16 ஜிபி. டெக்ஸ்சர்கள் (கேமில் பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) 4060-இன் 8 ஜிபி நினைவகத்துக்குள் அடங்கும்வரை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழிந்தால், மிச்சத்தை ரேமிலிருந்து அந்தக் குறுகிய பாதை வழியாக இழுக்க வேண்டும். அப்போது சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் பிரேம்கள்) நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் திக்கும். ‘1% லோ’ எண்ணை (மிக மெதுவான ஒரு சதவீத பிரேம்களின் எஃப்பிஎஸ்ஸை) பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். டெக்ஸ்சரை ‘அல்ட்ரா’விலிருந்து ‘ஹை’க்கு இறக்கத் தயாரென்றால் 4060. இல்லை, வீட்டிலேயே ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்க்கும் ஆசையும் உண்டு என்றால் 12 ஜிபி 3060.

ஓர் எச்சரிக்கை: 3060-இல் 8 ஜிபி வகையும் வந்தது. அதன் மெமரி பஸ் (சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை) 192 பிட் அல்ல, 128 பிட். பெட்டியை நம்பாமல், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ‘மெமரி சைஸ்’, ‘பஸ் விட்த்’ இரண்டையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: மென்பொருளில் என் 3060 முழு லோடில் 170 வாட் காட்டுகிறது. நண்பரின் ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 வெறும் 100 வாட். எஃப்பிஎஸ் கிட்டத்தட்ட ஒன்று. 70 வாட் மிச்சமா?

இல்லை. இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன. என்விடியா கார்டு போர்டு முழுவதன் இழுவையைச் சொல்கிறது. ஏஎம்டி-யின் 6000 வரிசை ஏறக்குறைய சிப் அளவை மட்டும் சொல்கிறது. மின்னழுத்தச் சுற்றில் ஆகும் இழப்பு, விசிறி எல்லாம் அதில் வராது. 6600-இன் உண்மையான போர்டு அளவு 132 வாட். மிச்சம் 38தான். 7000 வரிசையிலிருந்து ஏஎம்டி-யும் முழு போர்டு கணக்கைக் காட்டுகிறது.

நேர்மையான ஒப்பீடு வேண்டுமென்றால் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் வாங்குங்கள். கணினியைப் பத்து நிமிடம் சும்மா விட்டு ஒரு எண்ணைக் குறியுங்கள். பிறகு கேமில் ஒரே இடத்தில், ஒரே செட்டிங்கில், கார்டு சூடேறி நிலைக்கும்வரை பதினைந்து நிமிடம் ஓட்டி அடுத்த எண்ணைக் குறியுங்கள். எஃப்பிஎஸ்ஸை 60-இல் பூட்டி ஒரு முறை, பூட்டாமல் ஒரு முறை. பூட்டாமல் அளப்பதில் ஒரு பொறி உண்டு: வேகமான கார்டு சிபியுவையும் கூடுதலாக வேலை வாங்கும், அந்த வாட்டும் கார்டின் தலையில் விழும். பூட்டினால் அது பெரும்பாலும் விலகிவிடும்.

கேள்வி: பிரேம் ஜெனரேஷன் போட்டால் 4060 இரண்டு மடங்கு எஃப்பிஎஸ் தருகிறதே, அதையும் ஒப்பீட்டில் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். இரண்டு நிஜ பிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாக வரைந்து செருகுவது அது. பார்க்க வழவழப்பாக இருக்கும், மவுஸ் அசைவுக்கான பதில் வேகமாகாது. அடிப்படையே 30 எஃப்பிஎஸ்ஸாக இருந்தால் கை அதை உடனே உணரும்.

கேள்வி: 3060-ஐ விற்காமல் வாட் குறைக்க வழி?

உண்டு. கார்டின் வேகத்தையும் வாட்டையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ‘பவர் லிமிட்’டை 75 சதவீதத்துக்கு இறக்குவது சுலபம்: 170 வாட் 127 ஆகும், எஃப்பிஎஸ் இழப்பு அந்த அளவுக்கு இருக்காது. இன்னும் நன்றாகச் செய்ய அண்டர்வோல்ட், அதாவது அதே வேகத்தைக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டுவது.

கன்ட்ரோல் விசையுடன் எஃப்-ஐ அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். ஷிஃப்டைப் பிடித்து முழுக் கோட்டையும் கீழே இழுங்கள். பிறகு 875 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1800 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, முதன்மைச் சாளரத்தில் டிக் குறியை அழுத்துங்கள். அந்தப் புள்ளிக்கு வலப்புறம் கோடு தட்டையாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் கார்டு அதைத் தாண்டி ஏறும், செய்ததெல்லாம் வீண். கேம் திடீரென மூடினாலோ, திரையில் புள்ளிகள் மின்னினாலோ அதே 1800-ஐ 900 மில்லிவோல்டில் வையுங்கள். ஒவ்வொரு சிப்பும் ஒரு குணம், எனவே அடுத்தவரின் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு வாரம் பிழையின்றி ஓடிய பிறகே ‘ஸ்டார்ட்அப்’பில் தானாக ஏறும்படி வையுங்கள். முதல் நாளே வைத்துவிட்டு, விண்டோஸ் ஏறியதும் உறைந்துபோகிறது என்று எழுதுகிறவர்கள் அதிகம்.

கேள்வி: 450 வாட் சப்ளை போதுமா?

தரமானதென்றால், 65 வாட் சிபியுவுடன் இரண்டு கார்டுக்கும் போதும். ஸ்லாட் 75 வாட்டும் 8-பின் கேபிள் 150 வாட்டும் தரும். கேபிளில்தான் கவனம் வேண்டும்: கார்டுக்குரியது 6+2 ஆகப் பிரியும், சிபியுவுக்குரியது 4+4 ஆகப் பிரியும். இரண்டும் எட்டு பின்தான், ஆனால் பாசிட்டிவ், கிரவுண்ட் வரிசைகள் தலைகீழ். செருக மறுத்தால் அழுத்தாமல், கேபிளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: ஒன்றும் ஓடாதபோதும் கார்டு 30 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. இரண்டு மானிட்டர் உண்டு.

ஒன்று 144, இன்னொன்று 60 ஹெர்ட்ஸா? அப்படியென்றால் மெமரி வேகம் இறங்காமல் உச்சத்திலேயே நிற்கலாம். 144-ஐ 120-க்கு மாற்றிவிட்டு மெமரி கிளாக்கைப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.