அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு, எனக்கும் வருமா?

"எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். அப்பா 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். சித்தப்பாவுக்கு 49 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பாவுக்கு சிகரெட் பழக்கம் இருந்தது, எனக்கு இல்லை. சர்க்கரை, பிரஷர் இதுவரை இல்லை. 'இது ரத்தத்துலயே ஊறினது, வாயைக் கட்டி என்ன ஆகப்போகுது' என்கிறார் மாமா. எச்சில் மாதிரி அனுப்பினால் மரபணுவைச் சோதித்துச் சொல்வதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?"

அந்தப் பரிசோதனைக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். அது சொல்லக்கூடியதில் பெரும்பகுதியை அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியே சொல்லிவிட்டது. அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65-க்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால், அதைத் தனி ஆபத்துக் காரணியாகவே குறித்துக்கொள்வோம். சித்தப்பாவின் ஸ்டென்ட் அந்தச் சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்துகிறது. ஆகவே மரபணுவில் ஏதோ இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே பேசலாம். ஆனால் மாமா சொல்கிற முடிவு தவறு. அந்த நம்பிக்கையோடு சோதனையே செய்துகொள்ளாமல் இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

2007-ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவாவிலும் ஐஸ்லாந்திலும் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கை வைத்தன. ஒன்பதாவது குரோமோசோமில் 9பி21 எனப்படும் பகுதி அது. அங்கே ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம். கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை எதன் வழியாகவும் இல்லாமல் அது தனியாக ஆபத்தைக் கூட்டியதுதான் வியப்பு. அரிதான மாற்றமும் அல்ல, கோடிக்கணக்கானவர்களிடம் இருப்பது.

அடுத்து எழுந்தது உங்கள் மாமா கிளப்பிய அதே கேள்விதான்: இந்த மரபணுவோடு பிறந்தவர் நன்றாகச் சாப்பிட்டால் ஏதாவது மாறுமா? மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் சோனியா ஆனந்த், மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜேமி எங்கர்ட் ஆகியோரின் குழு இதை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டது. மாரடைப்புக்கான காரணங்களைத் தேடி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலிருந்து 8,114 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பியர், சீனர், அரபியர், லத்தீன் அமெரிக்கர் ஆகியோரோடு நம் தெற்காசியர்களும் அதில் இருந்தார்கள். ஆபத்தான மரபணு வடிவத்தின் இரண்டு பிரதிகளும் இருந்து, சமைக்காத காய்கறியும் பழமும் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. அவற்றை நிறையச் சாப்பிட்டவர்களிடம் அந்த மரபணுவின் தாக்கம் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. மரபணு அப்படியேதான் இருக்கிறது. அதன் கை ஓங்கவில்லை. சாப்பாட்டைக் கேட்டறிந்து செய்த ஆய்வு இது, உணவைக் கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல. அந்த வரம்பை மறக்காமல்தான் நான் இதை நம்புகிறேன்.

2016-இல் அமெரிக்காவின் இதய மரபணு ஆய்வாளர் சேகர் கதிரேசனின் குழு வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது. ஒரே ஒரு மரபணுவைப் பார்க்காமல் 50 இடங்களைச் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். மரபணு ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களிலேயே, புகையில்லாமை, உடற்பருமன் இல்லாமை, உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று இருந்தவர்களுக்கு, ஒன்று மட்டும் இருந்தவர்களையும் எதுவுமே இல்லாதவர்களையும்விட இதய நோய் அபாயம் 46 சதவீதம் குறைவு. அந்த நான்கில் ஒன்றை நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்துவிட்டீர்கள். அப்பா சிகரெட் பிடித்தார், நீங்கள் பிடிப்பதில்லை. அப்பாவின் கதை அப்படியே உங்கள் கதை ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இப்போது உங்கள் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு வருவோம். அடியிலுள்ள பெரிய டப்பா நிறைய சாதம், அடுத்ததில் குழம்பு, மேலே உள்ள சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி பொரியல். நம்மில் பலருடைய டப்பா இப்படித்தான் இருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் இருப்பது 100 கிராம் தேறினால் அதிகம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. ஆகவே கிண்ணங்களை இடம் மாற்றுங்கள்: பெரியதில் காய், சின்னதில் சாதம். வெள்ளரி, கேரட், முள்ளங்கி, வெங்காயம் என ஏதாவது ஒன்று தினமும் பச்சையாக இருக்கட்டும். பாசிப்பருப்பு ஊறவைத்துக் கோசம்பரி செய்தால் டப்பாவில் மதியம் வரை நன்றாகவே இருக்கும். நாலு மணிக்கு பேக்கரியில் டீயோடு சாப்பிடும் பப்ஸுக்குப் பதில் ஒரு கொய்யா. விலையும் பெரிதாக வராது.

ஆனால் உணவு மட்டும் போதாத இரண்டு நிலைமைகள் உண்டு. உங்களுக்கு அவை இருக்கின்றனவா என்று தெரியாமல் வெறும் கொய்யாவை நம்பி இருக்கக் கூடாது.

ஒன்று, குடும்பவழிக் கொழுப்பு மிகை. ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருப்பது. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து பிடித்து இழுக்க ஏற்பிகள் வேண்டும். இவர்களுக்கு அந்த ஏற்பிகள் பிறவியிலேயே குறைவு. (அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பெற்றார்கள்.) எல்டிஎல் 190-ஐத் தாண்டினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்: குதிகாலுக்கு மேலே கயிறு போல ஓடும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தடவுங்கள். தடித்து, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால் கொழுப்பு படிந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். தட்டுப்படாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல.

இன்னொன்று, லைப்போபுரோட்டீன் ஏ. எல்டிஎல் போலவே ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் ஒரு துகள் இது. வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது வராது, தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுதான் தீர்மானிக்கிறது, பத்தியத்தால் பெரிதாக அசையாது. அதனால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல், அல்லது லிட்டருக்கு 125 நானோமோலுக்கு மேல் இருந்தால், மற்ற எல்லா ஆபத்துகளையும் இன்னும் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

ஆகவே மரபணு சோதனைக்கு ஒதுக்கிய பணத்தில் கொழுப்புப் பரிசோதனை, லைப்போபுரோட்டீன் ஏ, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) ஆகிய மூன்றையும் எடுத்து, ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு ஒரு பொதுநல மருத்துவரைப் பாருங்கள். யாருக்கு எந்த வயதில் என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தந்தால் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். ஏற்பி குறைந்த உடம்புக்கு அது செய்யும் வேலையைக் காய்கறியால் செய்ய முடியாது. காய்கறி செய்யும் வேலையை அந்த மாத்திரையும் செய்யாது.

எல்டிஎல் 190-க்கு மேல் வந்தால் மரபணு பரிசோதனை பற்றி அப்போது மருத்துவரே பேசுவார், அதில் அர்த்தம் இருக்கும். அது குடும்பவழி நோய்தான் என்று உறுதியானால், உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும், உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிள்ளைக்குப் பத்து வயதாகும் முன்பே ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். சித்தப்பா பிள்ளைகளுக்கும் போன் செய்து சொல்லுங்கள்.