பார்க்காத நூலை அடிக்குறிப்பில் போடலாமா?

கேள்வி: கீழக்கரையில் சங்கு குளிப்பவர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் எழுதிய சங்கு நூலின் பத்தி ஒன்று இன்னொருவரின் ஆய்வேட்டில் இருந்தது. அதை எடுத்து, அடிக்குறிப்பில் ஹார்னெல் பெயரையே போட்டுவிட்டேன். என் ஆய்வேட்டில் எவ்வளவு பிற நூல்களோடு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமைச் சதவீதமும் 10-ஐத் தாண்டுகிறது. குறைத்துத் தருவதாக டைப்பிங் சென்டரில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அடிக்குறிப்பு. நீங்கள் படித்தது ஆய்வேட்டை, ஹார்னெலை அல்ல. அந்த ஆய்வாளர் ஓர் எண்ணைத் தவறாக எடுத்தெழுதியிருந்தால், அவர் பிழைக்கு ஹார்னெலைச் சாட்சி ஆக்கிவிட்டீர்கள்.

ஹார்னெலின் நூல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஸ்கேன் பிரதியாக இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வரியைக் கண்ணால் பாருங்கள். பிடிஎஃப் காட்டும் பக்க எண், அட்டையையும் முன்னுரையையும் சேர்த்து எண்ணியது. தாளில் அச்சான எண்ணைத்தான் எழுத வேண்டும். பார்த்துவிட்டால் ஹார்னெல் பெயரையே போடலாம்.

மூலம் கிடைக்கவே இல்லையென்றால் மட்டும், "ஹார்னெல் 1914, மேற்கோள்: இன்னார் 2009, ப. 47" என்று எழுதி, துணைநூல் பட்டியலில் இன்னாருடைய ஆய்வேட்டை மட்டும் சேர்ப்பது ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள்) முறை. 'கிடைக்கவில்லை' என்றால் இணையத்தில் தேடி, நூலகரிடமும் கேட்டு, இல்லை என்றான பிறகு. முத்துக்குளிப்பு பற்றிய டச்சு, போர்ச்சுகீசிய ஆவணங்கள் போல உங்களுக்குத் தெரியாத மொழியில் மூலம் இருந்தாலும் இதே வழிதான். அதன் மொழிபெயர்ப்பை நீங்களே படித்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயரோடு அதையே காட்டுங்கள். ஆங்கிலம் கடினம், நூல் பெரிது என்பதெல்லாம் விலக்கு ஆகாது.

இனி சதவீதம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். மூலம் காட்டிய மேற்கோள்களும் துணைநூல் பட்டியலும் கணக்கில் சேரா. அவற்றை நீக்கித்தான் சோதித்தார்களா என்று நூலகத்தில் கேளுங்கள். பல நேரம் எண் ஏறுவது அவற்றை நீக்காததால்தான்.

சென்டரில் செய்வது என்ன தெரியுமா? 'சங்கு குளித்தல்' என்பதைச் 'சங்கு நீராடல்' ஆக்குவார்கள். இல்லையென்றால் பாமினி என்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிடுவார்கள். மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல், அதனால் ஒப்புமை பூஜ்யம். யுனிகோடுக்கு மாற்றிச் சோதிக்கும் அன்று எல்லாம் வெளியே வரும், பட்டம் உங்களுடையது, அவர்களுடையது அல்ல. உங்கள் ஆய்வேட்டின் நகலும் அவர்கள் கணினியில் தங்கிவிடும்.

சதவீதத் தாளைப் பார்த்துக் கையெழுத்திடும் துறைகள் ஓர் அடிக்குறிப்பையாவது திறந்து பார்த்தால் இந்தக் கடைகளுக்கு வேலையே இருக்காது. 9 சதவீதம் என்றால் போதும், இல்லாத பக்கத்தைக் காட்டியிருந்தாலும் கேட்பாரில்லை.

ஒப்புமை அறிக்கையில் சிவப்பு விழுந்த பத்திகளை நீங்களே எடுங்கள். மூலத்தை மூடிவைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் வாக்கியத்தில் எழுதி, மூலத்தைத் திறந்து சரிபாருங்கள். சொல் உங்களுடையதானாலும் கருத்து அவருடையது, அடிக்குறிப்பு அங்கேயே இருக்கட்டும்.