டொக்டர் இல்லாமல் வேறொருவர் கிட்னி நோயாளியைப் பார்க்கலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கிட்னி பற்றி எதுவும் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி, வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களை டொக்டருக்குப் பதிலாக வேறு யாரோ பார்க்கிறார்கள் என்ற கவலை. என்னைத் தெரியாதவர்களுக்கு: ஊர் கல்லடி. இங்கே தாதியாகத் தொடங்கி, பிறகு அமெரிக்காவில் சிறுநீரகப் பிரிவொன்றில் நர்ஸ் பிரக்டிஷனராக (மேற்படிப்பு முடித்து நோயாளியைத் தானே பார்க்கும் தாதியாக) வேலை செய்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன்.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி: அம்மா அக்காவோடு நியூ ஜேர்சியில் இருக்கிறா, கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். டொக்டர் மாதத்தில் ஒருக்காதான் வருவாராம், மற்ற நேரம் பிசிஷியன் அசிஸ்டன்ட் என்று ஒரு பிள்ளைதான் பார்க்கிறாவாம். ஏமாற்றுகிறார்களா?

இல்லை தம்பி. அங்கே விதியே அப்படித்தான். டயலிசிஸ் செய்யும் ஒவ்வொருவரையும் மாதம் ஒரு தரமாவது டொக்டரோ, நர்ஸ் பிரக்டிஷனரோ, பிசிஷியன் அசிஸ்டன்டோ பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். 2004இலிருந்து மெடிகெயார் என்ற அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதி கொடுக்கும் காசும் மாதத்தில் எத்தனை தரம் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது, நான்கு தரமோ அதற்கு மேலோ பார்த்தால்தான் ஆகக் கூடிய தொகை. சிறுநீரக டொக்டர் ஒருவர் பல சென்டர்களுக்கு ஓட வேண்டியிருப்பதால் மிச்ச நாட்களை இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். காசுக் கணக்கும் இதற்குள் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை கதிரைக்குப் பக்கத்தில் வந்து என்ன செய்கிறா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கணுக்காலில் பெருவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா, விழுந்த குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பா. பிஸ்டுலா (டயலிசிஸ் ஊசி போடக் கையில் இரத்த நாளங்களை இணைத்துச் செய்த இடம்) உள்ள கையைத் தொட்டு அதிர்வு முன்னைப் போலவே இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தமும் கேட்பா. இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டால் அது சும்மா சுகம் விசாரிப்பதில்லை, நுரையீரலில் நீர் சேருகிறதா என்று அறியத்தான். இதையெல்லாம் வைத்துத்தான் உலர் எடையை, அதாவது உடம்பில் மிகை நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, அரைக் கிலோ குறைப்பதும், பிரஷர் குளிசையை மாற்றுவதும், ஹீமோகுளோபினைப் பார்த்து இரத்தம் கூட்டும் ஊசியின் அளவைத் திருத்துவதும். டயலிசிஸ் செய்கிறவரின் சுகம் பெரும்பாலும் இந்தத் திருத்தங்களில்தான் தங்கியிருக்கிறது, அதற்கு அடிக்கடி பார்க்கிற ஒரே கண் வேண்டும்.

அம்மா அவவிடம் ஒன்று கேட்கட்டும்: நீங்கள் எந்த டொக்டரோடு வேலை செய்கிறீர்கள், எப்போது அவரைக் கூப்பிடுவீர்கள்? நெஞ்சுவலி, பொட்டாசியம் ஏறுவது, பிஸ்டுலா அடைபடுவது என்று உடனே சொல்லத் தெரிந்தவர் நல்லவர். தடுமாறினால் அக்காவிடம் சொல்லி டொக்டரோடு நேரே பேசச் சொல்லுங்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி: நர்ஸ் பிரக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டன்ட் இந்த இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?

நர்ஸ் பிரக்டிஷனர் முதலில் நர்ஸ், அதற்கு மேல் முதுகலையோ முனைவர் படிப்போ முடித்தவர். பிசிஷியன் அசிஸ்டன்ட் நர்ஸாக இருந்திருக்கத் தேவையில்லை, டொக்டர்மாரின் பாடமுறையிலேயே சுருக்கமாகப் படித்து வருகிறவர். இரண்டும் அமெரிக்காவில் 1965இல் தொடங்கியவை, முன்னையது கொலராடோவில், பின்னையது டியூக் பல்கலைக்கழகத்தில். அமெரிக்காவின் பல மாநிலங்களில் நர்ஸ் பிரக்டிஷனர் டொக்டரின் மேற்பார்வை இல்லாமலும் வேலை செய்யலாம். பிரித்தானியாவில் பிசிஷியன் அசிஸ்டன்டைப் பிசிஷியன் அசோசியேட் என்று அழைத்ததில் நோயாளிகள் டொக்டர் என்றே நினைத்துக் குழம்பினார்கள், 2025இல் வந்த மீளாய்வு அசிஸ்டன்ட் என்றே மாற்றச் சொன்னது. அது சரியான முடிவு. பார்க்கிறவர் யார் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும்.

திருக்கோவிலிலிருந்து ஒரு ஆசிரியர்: இப்படி ஆட்கள் வந்தால் நோயாளிக்கு உண்மையில் நன்மை உண்டா, இல்லை செலவைக் குறைக்கும் வழியா?

சேர், நெதர்லாந்தில் 9 ஆஸ்பத்திரிகளில் 788 கிட்னி நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு நர்ஸ் பிரக்டிஷனரும் இருந்தார், மற்றவர்களுக்கு இல்லை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் தெளிவான குறைவு தெரியவில்லை. ஆனால் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தபோது மரணம், கிட்னி செயலிழப்பு, கிரியேட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய இரத்தக் கழிவு) 50 வீதம் கூடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 20 வீதம் குறைந்திருந்தது. டொக்டருக்குப் பதிலாக அல்ல, டொக்டரோடு கூட என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் இந்தப் பதவிகள் இல்லை. ஆனாலும் எம்பிபிஎஸ் இல்லாத உதவி வைத்தியர்கள் கிராமத்து ஆஸ்பத்திரிகளைத் தாங்கிய வரலாறு நமக்கு உண்டு, அப்போதிக்கரி என்று மூத்தவர்கள் சொல்வார்களே அவர்கள்தான். இன்று டயலிசிஸ் பிரிவுத் தாதியர் அதே கண்ணோடு பார்த்தும், ஒரு குளிசையை மாற்ற அதிகாரமில்லாமல் டொக்டர் வரும்வரை நிற்கிறார்கள். பயிற்சியும் எழுதி வைத்த எல்லையும் கொடுத்து அந்த அதிகாரத்தைத் தர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு விவசாயி: வயது 52, கிரியேட்டினின் 1.6. கிளினிக்கில் டொக்டரோடு பேச நேரமே கிடைப்பதில்லை.

அண்ணன், உங்கள் வயதுக்கு 1.6 என்றால் கிட்னியின் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 51. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாட்பட்ட நோய். அதனால் இரத்தத்தை மறுபடி சோதியுங்கள், சிறுநீரில் அல்புமின் போகிறதா என்றும் பாருங்கள், பிரஷரை எழுதி வையுங்கள். மூன்றையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் திகதியோடு எழுதிக் கொண்டு போனால் டொக்டருக்கு ஒரு பார்வை போதும். கொப்பியை முதலில் வாங்கும் தாதியிடமே சொல்லுங்கள், அவர் உள்ளே சொல்லி அனுப்புவார். வயல் வேலை முடிந்து மேல்நோவுக்கு டைக்ளோபெனாக் வாங்கிப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். தெஹியத்தகண்டிய பக்கம் காணப்படும், காரணம் உறுதியாகாத கிட்னி நோயும் விவசாயிகளையே கூடுதலாகப் பிடிக்கிறது, அதனால் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்க வேண்டாம்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு டயலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை, கையில் பிஸ்டுலா போட்டுவிட்டார்கள். அவசரப்பட்டார்களா?

நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அந்த இரத்த நாளம் தடித்து ஊசி தாங்க வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் எடுக்கும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விட வேண்டாம், யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள் புள்ள. காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள், அதிர்வு இல்லையென்றால் அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் படிக்கும் ஒரு தங்கச்சி: நானும் உங்களைப் போல் வர என்ன வழி?

முதலில் இங்கே டயலிசிஸ் பிரிவில் வேலை செய்து கையைப் பழக்குங்கள். அமெரிக்கா என்றால் அங்கே நர்ஸாக அனுமதி பெறும் என்கிளெக்ஸ் பரீட்சை, பிறகு அங்கே முதுகலை, பிறகு சான்றிதழ் பரீட்சை. பிசிஷியன் அசிஸ்டன்ட் ஆக விரும்பினால் நர்ஸிங் பட்டம் மட்டும் போதாது, அந்தப் படிப்புக்குத் தனியே சேர வேண்டும். செலவுக் கணக்கை வீட்டாரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏஜென்ட் யாரிடமும் காசு கொடுக்க வேண்டும்.