பேக்கர்ஸ்ஃபீல்டு பாணி கன்ட்ரி இசையில் அப்படி என்ன தனித்தன்மை?

அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசைப் பாடகர் மெர்ல் ஹேகார்டுக்கு நடந்த அஞ்சலிக் கச்சேரியைப் பார்த்துவிட்டு, 'பேக்கர்ஸ்ஃபீல்டு சவுண்டு' என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் விரட்ட, ஓக்லஹோமா பக்கத்துக் குடும்பங்கள் பிழைப்பு தேடி கலிஃபோர்னியா வந்தன. அங்குள்ள பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரைச் சுற்றிப் பகலில் பருத்திக் காட்டிலும் எண்ணெய் வயலிலும் வேலை. ராத்திரி மதுக்கூடங்களில் பாட்டும் ஆட்டமும். அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே! அதற்குத் தோதாக வாய்த்தது டெலிகாஸ்டர் என்ற மின்சார கிட்டார். அதன் கம்பியை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிச் சுண்டினால், வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியது போல் கணீரென்று கேட்கும். கூடவே ஓங்கி அடிக்கும் டிரம்ஸ். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லோ அப்போது வயலின்களும் கோரஸும் சேர்த்துப் பாட்டை மெழுகிக்கொண்டிருந்தது. அந்த மெழுகு வேண்டாம் என்றவர்கள்தான் பேக்கர்ஸ்ஃபீல்டுப் பாடகர்கள் பக் ஓவன்ஸும் ஹேகார்டும்.

ஹேகார்டு 2016 ஏப்ரல் 6 அன்று, தன் 79ஆவது பிறந்தநாளிலேயே இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து நடந்தது அந்தக் கச்சேரி. வில்லி நெல்சன், கீத் ரிச்சர்ட்ஸ் எல்லாம் பாடினார்கள். நடந்த இடம் நாஷ்வில்! எந்த ஊர்ப் பாணியை அவர் ஏற்கவில்லையோ, அந்த ஊரே அரங்கு நிறைய எழுந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அப்புறம், பக் ஓவன்ஸ் பாடும்போது கூடவே உயர்ந்து வரும் அவர் குழுவின் கிட்டார் கலைஞர் டான் ரிச்சின் குரலையும் கவனித்துக் கேளுங்கள்.